கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், "குறைந்த செலவில் கப்பல் சுற்றுலா போக நம்மால் முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும் என்று சுருக்கமாகப் பதில் எழுதினேன். அதன் பிறகு கொட்டகலை, பதுளை, மாத்தளை என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்கக் கப்பல்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தலவாக்கலைக்காரன். பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டுவர்டாக வேலை செய்தவன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது ஓய்வு கிடைக்கும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கி நடந்து ஊர் பார்த்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

"சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு, ஒருவருக்கு 299 டொலர் என்று முகநூலில் விளம்பரம் பார்த்தேன். நானும் கணவரும் போக ஆசை. இருவருக்கும் 598 டொலர் போதுமா? பினாங்கு, மலாக்கா மாதிரியான பழைய துறைமுகங்களைப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம்."
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டகலை

போதாது டீச்சர். அந்த 299 என்பது ஜன்னல் இல்லாத உள் அறையின் விலை. அதுவும் இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால்தான். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் வரும். குறுகிய பயணத்திலேயே அது ஒருவருக்கு நூறு டொலர் அளவில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அப்புறம் சேவைக் கட்டணம், அதாவது டிப்ஸ். பல கம்பனிகள் இதை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டொலர் வரை தாங்களாகவே கணக்கில் ஏற்றிவிடும். 16 டொலர் என்று வைத்தால் நான்கு இரவுக்கு இருவருக்கும் 128. எல்லாம் சேர்த்தால் 926 டொலர். டொலர் 300 ரூபா என்று போட்டால் இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வரும். இதில் விமானச் சீட்டு சேரவில்லை, கப்பலுக்கு முதல் நாள் சிங்கப்பூரில் தங்கும் செலவும் சேரவில்லை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கட்டுநாயக்கவில் விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு சுலபமான வழி: விளம்பரத்தில் ஒருவருக்கென்று இருக்கும் விலையை, போகிற ஒவ்வொருவருக்கும் இரண்டால் பெருக்குங்கள், விமானச் செலவைத் தனியாக வையுங்கள். அந்தத் தொகை கையில் இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாம்.

உள் அறை என்றதும் யோசிக்க வேண்டாம். நான் வருடக்கணக்காகத் துப்புரவு செய்த அறைகளில் பாதி அவைதான். படுக்கை, குளியலறை, பெட்டி வைக்கும் இடம் எல்லாம் ஜன்னல் வைத்த அறையில் இருப்பதுதான். சாப்பாடும் ஒன்றே, மேல்தளமும் ஒன்றே. விளக்கை அணைத்தால் மட்டும் கும்மிருட்டாகிவிடும், விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் ஈரத் துவாய், பை எல்லாம் தொங்கவிடலாம். பகல் முழுக்க நீங்கள் ஊருக்குள் நடக்கப் போகிறீர்கள், ஜன்னலுக்கு ஏன் காசு?

சிங்கப்பூருக்கு நம் கடவுச்சீட்டில் சுற்றுலா போக முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. பினாங்கும் மலாக்காவும் இருக்கும் மலேசியாவுக்கு எடுக்க வேண்டும். வழியில் ஒரே ஒரு துறைமுகத்துக்கு விசா தேவைப்பட்டாலும், அது இல்லாதவரைக் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். "நாங்கள் அங்கே இறங்க மாட்டோம்" என்று சொன்னாலும் எடுபடாது. கடவுச்சீட்டு, பயணம் முடியும் திகதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

மலாக்காவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சின்னப் பயணங்கள் அதிகமாகப் போவது பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம். மலாக்காவை பஸ்ஸில் போய்ப் பார்ப்பதுதான் மலிவு. சிங்கப்பூரிலிருந்து எல்லைச் சோதனையோடு சேர்த்து நாலைந்து மணித்தியாலம் ஆகும். 1511 இல் போர்த்துக்கேயர் பிடித்து, 1641 இல் ஒல்லாந்தர் பறித்து, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர் அது. நம் காலி, கொழும்பு வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த உங்களுக்கு அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஒரு கவனம்: கப்பலில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை என்றால் மலேசியாவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் சீட்டு எடுங்கள்.

"கப்பலில் விற்கும் சுற்றுலாவை வாங்காமல் நாமாகவே இறங்கி ஊர் பார்க்க முடியுமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது."
- கடை வைத்திருப்பவர், நுவரெலியா

தாராளமாக முடியும் அண்ணன். எந்தத் துறைமுகத்தில் முடியும், எதில் முடியாது என்பதுதான் விஷயம். என்னைக் கேட்டால், கப்பலின் பெயரையும் நீச்சல் தடாகத்தின் படத்தையும் பார்த்துப் பயணத்தைத் தெரிவு செய்யவே கூடாது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கும் பழைய நகரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். செலவு கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து நிற்பது சுவெட்டன்ஹாம் ஜெட்டியில். வாசலைத் தாண்டினால் பினாங்கின் பழைய நகரமான ஜோர்ஜ் டவுன். எதிரிலேயே ஒரு வெள்ளை மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது வருடம் ஆனதற்காக, வருடத்துக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரத்தில் கட்டியது. பக்கத்திலேயே கோர்ன்வாலிஸ் கோட்டை. 1786 இல் பினாங்கை ஆங்கிலேயருக்காக எடுத்த பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் அது.

அங்கிருந்து பழைய பிட் தெருவில் நடங்கள். இப்போது அதற்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு என்று பெயர். முதலில் 1818 இல் கட்டிய சென் ஜோர்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். அந்த வாசலில் ஊதுவத்திப் புகை கண்ணை எரிக்கும். அதைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குள் புகுந்தால் மகாமாரியம்மன் கோயில் கோபுரம். 1833 இல் எழுந்த கோயில். நம் தோட்டங்களில் எந்த அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறோமோ அதே அம்மன். இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்திலேயே சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியா என்றார்கள். நாலு சமயத்துக்காரரும் ஒரே தெருவில் இரு நூற்றாண்டாக வாழ்ந்திருக்கிறார்கள். மலாக்காவையும் ஜோர்ஜ் டவுனையும் 2008 இல் சேர்த்தே உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டார்கள்.

பாஷையைப் பற்றிக் கவலையே படாதீர்கள். மாரியம்மன் கோயிலைச் சுற்றிய நாலு தெருவிலும் தமிழில் விலை கேட்கலாம், தமிழில் வழி கேட்கலாம். பித்தளைக் குத்துவிளக்குக் கடை, மல்லிகைப்பூ கட்டுகிற ஆட்கள், வாழையிலையில் சாப்பாடு போடுகிற கடை, சத்தமாகப் பாட்டு ஓடும் புடவைக் கடை. முதல் தடவை அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பல மாதமாகக் கப்பலில் ஆங்கிலம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த காதுக்கு, "தம்பி, என்ன வேணும்?" என்று ஒரு கடைக்கார அம்மா கேட்டது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

இப்படி நடந்தே பார்க்கக்கூடிய ஊரில் கப்பல்காரரின் சுற்றுலாவை வாங்குவது வீண் செலவு. ஆனால் பாங்கொக் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும், கப்பல் வந்து நிற்பதோ லேம் சபாங்கில். அங்கிருந்து நகரத்துக்கு ரோட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூரும் பக்கம் இல்லை. அந்த மாதிரி இடத்தில் கப்பலின் சுற்றுலாவிலேயே போங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது.

நேர விஷயத்தில் இன்னொன்று. இறங்கும் வாசலில் ஒரு பலகை வைத்திருப்பார்கள், ஏற வேண்டிய கடைசி நேரம் அதில் இருக்கும். கப்பல் புறப்படுவதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்திய நேரம் அது. அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது கப்பல் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். புக்கெட்டில் இறங்கினால் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து அதையே பாருங்கள். ஜெட்டியில் ஓடி வந்து, கயிறு அவிழ்த்த பிறகு நின்று கை காட்டியவர்களை மேல்தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் வயதான ஒரு தம்பதி, மருந்துப் பை கப்பலிலேயே இருந்தது. எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

"மத்தியதரைக் கடல் பக்கம் போக வேண்டும் என்பது என் கனவு. ரோம், ஏதென்ஸ், வெனிஸ் எல்லாம் ஒரே வாரத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் சரிவருமா?"
- வங்கி ஊழியர், பதுளை

சரிவரும் தம்பி, ஆனால் விசா முதல், கப்பல் பிறகு. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவாக ஒரே விசாவாக இருக்கும் ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூனிலிருந்து அதன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மறுத்தால் அந்தக் காசு திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நம்மவர் தடுமாறும் இடம் இதுதான். இத்தாலியில் ஏறி, துருக்கிக்கோ துனீசியாவுக்கோ மொண்டினீக்ரோவின் கோட்டோருக்கோ போய், திரும்பவும் கிரேக்கத்துக்கு வருகிற கப்பல் என்றால், நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஒரு தடவை மட்டும் நுழையும் விசா அதற்குப் போதாது. பல தடவை நுழையும் விசா கேட்க வேண்டும். குரோஷியா 2023 இலிருந்து ஷெங்கனுக்குள் இருக்கிறது, அதனால் டுப்ரோவ்னிக்கில் அந்தச் சிக்கல் இல்லை. வெளி நாட்டுத் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் தனி விசா தேவையா என்பதையும் பார்க்க வேண்டும். முதல் தடவைக்கு இத்தாலி, மால்டா, கிரேக்கம், ஸ்பெயின் என்று ஷெங்கனுக்குள்ளேயே சுற்றுகிற பயணமாக எடுங்கள். முற்பணம் திரும்பக் கிடைக்கும் சீட்டாகப் பாருங்கள். முழுப் பணத்தைப் பெரும்பாலும் புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதுதான் கேட்பார்கள். விசா அதற்குள் கையில் வரும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

ரோம் என்று எழுதியிருந்தால் அது சிவித்தாவெக்கியா துறைமுகம். அங்கிருந்து ரோமுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், ரயிலில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஏதென்ஸ் பரவாயில்லை, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோ ரயில் இருக்கிறது. வெனிஸ் பழைய மாதிரி இல்லை. 2021 ஓகஸ்ட்டிலிருந்து பெரிய கப்பல்களை சென் மார்க் சதுக்கத்துக்கு முன்னால் விடுவதில்லை. வெனிஸ் என்று விற்கும் பயணம் சில வேளை ராவென்னாவில் தொடங்கும், அங்கிருந்து வெனிசுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்.

என் விருப்பத்தைக் கேட்டால் மால்டாவின் வலெட்டா, கிரேக்கத்தின் ரோட்ஸ், சிசிலியின் பலெர்மோ. மூன்றிலும் கப்பலிலிருந்து இறங்கி நடந்தே பழைய நகரத்துக்குள் போகலாம். வலெட்டாவுக்கு அதிகாலையில் கப்பல் நுழையும்போது தூக்கத்தைப் பார்க்காமல் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு பக்கமும் தேன் நிறக் கல்லில் கோட்டைச் சுவர்கள் அவ்வளவு கிட்டத்தில் வரும். 1565 இல் ஒஸ்மானியப் படை முற்றுகையிட்டுத் தோற்றுப் போன துறைமுகம் அது. முற்றுகைக்குப் பிறகுதான் வலெட்டா நகரத்தையே கட்டினார்கள். கரையிலிருந்து மேலே அப்பர் பராக்கா தோட்டத்துக்கு 58 மீற்றர் ஏற்றும் லிப்ட் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்றால் கீழே பீரங்கி வெடிப்பதைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் வழிகாட்டியே தேவையில்லை.

செலவு குறைய வேண்டுமானால் ஜூலை, ஓகஸ்ட் வேண்டாம். ஏப்ரல் அல்லது ஒக்டோபர் கடைசியில் போங்கள். வெயிலும் தாங்கும், விலையும் இறங்கியிருக்கும். ஐரோப்பாவில் பருவம் முடிந்து சில கப்பல்கள் ஆசியாவுக்கு வரும், திரும்பப் போகும். ஒரு வழிப் பயணமான அவற்றில் ஓர் இரவுக்கான விலை மிகக் குறைவு. கடலில் மட்டும் பல நாள் தொடர்ந்து போகும், அதற்கு லீவும் பொறுமையும் வேண்டும்.

"அம்மாவுக்குக் கினிகத்தேனை வளைவுகளிலேயே வாந்தி வந்துவிடும். கப்பலில் கூட்டிப் போகலாமா? அவர் மரக்கறிச் சாப்பாடுதான்."
- வாசகி, பண்டாரவளை

கூட்டிப் போங்கள் தங்கச்சி. பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் எல்லாருக்கும் பெரிய கப்பலில் அப்படி ஆவதில்லை. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல். நம் பக்கத்துக் கடல்தான் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்குங்கள். சீசோ பலகையில் நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு மாதிரிதான். நாங்கள் இஞ்சியும் பச்சை அப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுப்போம். மாத்திரை வேண்டுமா என்று உங்கள் டொக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்று சீட்டு எடுக்கும்போதே எழுதிக் கொடுத்தால் போதும். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், ஏறும் வாசலில் கொடுக்கிற பெட்டி அறைக்கு வர இரவாகும்.

"கணவர் இல்லை, தனியாகப் போக நினைக்கிறேன். இரட்டிப்புக் காசு கேட்கிறார்கள், இது நியாயமா?"
- வாசகி, மாத்தளை

நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது அக்கா, ஆனால் எல்லா இடத்திலும் அதுதான் நடைமுறை. அறையை இருவருக்கென்று விற்பதால் ஒருவர் போனாலும் பல வேளை இரண்டாமவரின் காசையும் வாங்குகிறார்கள். அக்கா, தங்கை, நாத்தனார் என்று யாராவது சேர்ந்தால் செலவு பாதியாகும். மூன்று பேர் ஒரே அறையில் என்றால் மூன்றாமவருக்கு இன்னும் குறைவாக வரும். உங்கள் ஊரிலேயே சேர்ந்து கோயில் யாத்திரை போகிற பெண்கள் இருப்பார்களே, அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

"எங்கள் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர். எனக்கு வெளிநாட்டுக் கப்பல் எல்லாம் கட்டுப்படியாகாது. அவர் வந்த வழியையாவது பார்க்க ஆசை."
- பல்கலைக்கழக மாணவன், ஹட்டன்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தலைமன்னார். கொழும்பிலிருந்து ரயிலே போகிறது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. அதற்கு முந்தியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள், வழியில் காய்ச்சலிலும் பசியிலும் எத்தனையோ பேர் விழுந்தார்கள். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருடம் ஒக்டோபரில்தான் நம்மவரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். பிறகு நம் சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிய கப்பலும் இதே தலைமன்னாரிலிருந்துதான் இராமேஸ்வரத்துக்குப் போனது. 2023 இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் நடந்தே வந்தார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடலையும் கடக்க வேண்டுமென்றால் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் படகு இருக்கிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நாலு மணித்தியாலப் பயணம். ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் போய் இறங்குகிற ஊரைப் பாருங்கள்: சோழர் காலத்துத் துறைமுகம். ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய புத்த விகாரைக்கு இராஜராஜ சோழன் ஊர் தானம் கொடுத்த இடம். பக்கத்திலேயே நாகூர் தர்கா. வடக்கே பஸ்ஸில் போனால் தரங்கம்பாடி. 1620 இல் டென்மார்க்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் அந்த ஊரில்தான். நான் பார்த்த ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு இவை எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல, செலவோ அதில் ஒரு சிறு பங்கு. கூட்டாளிகள் நாலு பேர் சேருங்கள். பூட்டனின் ஊர் எதுவென்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், பழைய கடிதமோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் அதில் கிராமத்தின் பெயர் இருக்கும்.

இந்திய விசாவை முதலில் எடுங்கள். எந்த வகை விசாவை நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்பார்கள் என்று படகு அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். நவம்பர், டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றால் படகு நின்றுவிடும். பெப்ரவரிக்குப் பிறகு திகதி பாருங்கள்.